மருதாசலத்தின் மஞ்சள் வேன்

ஜூன் 4, ஞாயிறு

இந்த டைரியில் இதுவரை பெயிண்ட் கலவை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். எந்த வண்டிக்கு எந்த நிறம், எத்தனை சொட்டு கறுப்பு, எத்தனை சொட்டு வெள்ளை. இன்றைக்கு வேறு ஏதாவது எழுத வேண்டும் போலிருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

காலையில் பேக்கரியில் எங்கள் கூட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு, ஏழெட்டுப் பேர், மூலை மேஜை. எல்லாரும் டைகாஸ்ட் பைத்தியங்கள். உருக்கிய துத்தநாகத்தை இரும்பு அச்சுக்குள் அடித்துச் செய்த உள்ளங்கையளவு காரும் பஸ்ஸும் சேர்க்கிறவர்கள். பல் டாக்டர் சாதிக், தீயணைப்பு வண்டி மட்டும் சேர்ப்பார். நான் லாரி. ஜோதிமணி டீச்சர் ஒரே ஒரு கம்பெனியின் வண்டிகளை மட்டும் சேர்க்கிறார்: ஜோதி மினியேச்சர்ஸ், கணபதி, கோயம்புத்தூர், 1973 முதல் 1979 வரை. அவர் அப்பா மருதாசலம் நடத்தியது. பம்புக்கு உதிரி பாகம் வார்த்துக்கொண்டிருந்தவர், மகள் கேட்டாள் என்று பொம்மை வண்டி வார்க்கத் தொடங்கி, கம்பெனிக்கும் அவள் பெயரையே வைத்துவிட்டார்.

டீச்சர் இன்றைக்கும் மஞ்சள் வேனைக் கொண்டுவந்திருந்தார். போன மாதம் நான் கொடுத்தது. கைக்குட்டையில் சுற்றி, ஒரு சோப்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

"உக்கடத்துல பழைய சாமான் கடையில கெடச்சுதுன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, எனக்கு நம்பவே முடியலீங்க" என்று எல்லார் முன்னாலும் மறுபடி சொன்னார்.

ஜோதி வேன் சிவப்பிலும் கிரீமிலும் உண்டு. மஞ்சளில் யாரும் பார்த்ததில்லை. டீச்சரின் பத்தாவது பிறந்தநாளுக்கு மஞ்சள் வேன் போட்டுத் தருவதாக அப்பா சொல்லியிருந்தாராம். போட்டும் விட்டார்களாம், ஆனால் பெட்டிகள் எல்லாம் தவறுதலாக பம்பாய்க்குப் போய்விட்டனவாம். இதை டீச்சர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

டீ வந்ததும் எழுந்து நின்று அறிவித்தார். ஜோதி மினியேச்சர்ஸின் வரலாற்றை எழுதிப் புத்தகமாகப் போடப் போகிறார். அட்டையில் மஞ்சள் வேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூன் 6

வெள்ளைக் கார், இடது பின் கதவு. பட்டி பார்த்துத் தேய்த்து வைத்தேன். கம்ப்ரஸர் பெல்ட் மாற்ற வேண்டும்.

மத்தியானம் பழைய டப்பாக்களை ஒழித்தேன். கீழ்த்தட்டில் கால் டப்பா மஞ்சள் இருந்தது. பட்டறைக் குப்பையில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துக்கொண்டுபோய் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

டீச்சர் போன் செய்தார். எனக்குத் தெரிந்த சங்கதிகளையெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்கிறாராம். அந்தக் காலத்தில் பெயிண்டை அடுப்பில் வைத்துச் சுட்டு ஏற்றுவார்களா, காற்றில் உலர்த்துவார்களா என்று கேட்டார். சுட்டுத்தான் ஏற்றுவார்கள் என்றேன். அது உண்மைதான்.

"அப்ப நம்ம மஞ்சளும் சுட்டதுதானுங்களே?"

"இருக்கும்ங்க."

போனை வைத்த பிறகு அரிசி களைந்து வைத்திருந்ததை மறந்து மறுபடி ஒரு டம்ளர் அரிசி எடுத்துக் களைந்தேன். என் மனைவி பரிமளா போய் ஒன்பது வருஷமாகத் தனியாகப் பொங்கித் தின்கிறேன், அளவு இன்றைக்குத்தான் தப்பியது.

ஜூலை 2, ஞாயிறு

சாதிக் இன்றைக்கு லென்ஸ் கொண்டுவந்திருந்தார். பல்லில் சொத்தை பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் கொண்டுவந்திருந்தார். புத்தகத்துக்காக வேனை முறையாகப் பரிசோதித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன் என்று அவரே ஒத்துக்கொண்டாராம்.

வண்டியைத் திருப்பி அடித்தகட்டைப் பார்த்தார். சக்கரத்துக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். எனக்கு எதிரில் இருந்த தேங்காய் பன்னை நான் துண்டு துண்டாகப் பிய்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வாய்க்குப் போகவில்லை.

"இங்க உள்ள ஒரு செவப்புப் புள்ளி தெரியுதே" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். மேஜையில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பெயிண்ட் என்றால் நான்தானே.

"ரெட் ஆக்சைடுங்க" என்றேன். "அப்பல்லாம் முதல் கோட்டு அதுதான் அடிப்பாங்க. துரு ஏறாம இருக்க."

துத்தநாகத்துக்கு எங்கே துரு ஏறும்? ஒருவரும் கேட்கவில்லை. சாதிக் தலையாட்டினார். டீச்சர் நோட்டைத் திறந்து, ‘முதல் பூச்சு – ரெட் ஆக்சைடு’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

இயற்பியல் டீச்சர். துருவைப் பற்றி எனக்கே பாடம் நடத்தக்கூடியவர். நான் சொன்னதனால் எழுதிக்கொண்டார்.

ஜூலை 3

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அது சிவப்பு வேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சியில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் கொடுத்தது. டீச்சரிடம் அதே சிவப்பு வேன் நான்கு இருப்பதால் நான் அவரிடம் சொல்லவே இல்லை. மார்ச் மாதம் ஒருநாள், அடித்தகட்டை வண்டியோடு பிடித்திருக்கும் ரிவெட்டைத் துளைபோட்டுக் கழற்றினேன். சிவப்பைக் கரைத்து எடுத்தேன். மஞ்சளில் ஆரஞ்சு இரண்டு சொட்டு, பழுப்பு ஒரு சொட்டு. மூன்று கோட்டு, மெல்லிசாக. பட்டறைக் கூரைத் தகரத்தின் மேல் பதினைந்து நாள் வெயிலில் வைத்தேன். விளிம்புகளில் நைஸ் பேப்பரால் தேய்த்தேன், குழந்தை கை பட்டுத் தேய்ந்தது போல. கடைசியில் ரிவெட்டுத் தலையைத் தட்டி உட்கார வைத்தேன். முப்பத்தொரு வருஷமாக எத்தனையோ வண்டிக்கு நிறம் சேர்த்திருக்கிறேன். இத்தனை நன்றாக ஒன்றும் வந்ததில்லை.

ஏன் செய்தேன்? முடிகிறதா என்று பார்க்கத்தான். கைக்கு ஒரு சோதனை. செய்து என் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

மே மாதக் கூட்டத்துக்கு அதை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

வேலை இல்லை. டீச்சர் வீட்டுத் தெரு வழியாக இரண்டு முறை போனேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு காரியமும் கிடையாது.

ஜூலை 12

சாதிக் போன் செய்தார். பல் செட் கட்ட வந்த ஒரு பெரியவர் ஜோதி மினியேச்சர்ஸில் மேஸ்திரியாக இருந்தவராம். பெயர் ஆறுச்சாமி, எண்பத்தொரு வயது, போத்தனூர். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை போகிறார்களாம், நான் ஆட்டோவுக்குச் சொல்லி உடன் வர வேண்டுமாம்.

"எனக்கு அன்னிக்கு ஒரு டெலிவரி இருக்குதுங்க" என்றேன்.

"ஞாயித்துக்கெழமையிலயா?" என்றார்.

ஜூலை 16, ஞாயிறு

போய்விட்டு வந்தாயிற்று. நடந்ததை நடந்த மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

சாதிக் வரவில்லை, நானும் டீச்சரும்தான். ஆட்டோவில் டீச்சர் சோப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பச்சைக் கரை போட்ட சேலை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அப்பாவுடன் பட்டறைக்குப் போனால் மேஸ்திரி தன்னை வார்ப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் விடவே மாட்டார் என்றும், காகிதத்தில் பொரி மடித்துக் கொடுத்து வாசலில் உட்காரவைப்பார் என்றும் சொன்னார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறுச்சாமி ஒல்லியான மனுஷர். மகன் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை விரல் இரண்டு பாதிதான் இருந்தன. டீச்சரைப் பார்த்ததும், "அம்மிணி! அப்பன் சாடை அப்புடியே" என்று எழுந்திருக்கப் பார்த்தார். டீச்சர் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பழைய கதையெல்லாம் பேசினார்கள். பிறகு டீச்சர் பெட்டியைத் திறந்து வேனை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பார்த்தார். கட்டைவிரலால் கூரையைத் தடவினார். திருப்பி, அடித்தகட்டு ரிவெட்டை நகத்தால் நெருடினார். பிறகு தலையை நிமிர்த்தி, வேனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, கையை.

"தம்பி என்ன வேலைங்க?"

"பெயிண்டருங்க. கார் பட்டறை."

"ம்."

டீச்சர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

"ஆமா அம்மிணி" என்றார் பெரியவர். "நம்முளுதுதான்."

டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரியவர் பாதி விரல்களால் அவர் தலையைத் தொட்டார். மறுபடி என்னைப் பார்க்கவே இல்லை.

கிளம்புகிற நேரத்தில் டீச்சர், "மேஸ்திரிண்ணா, அந்த வேலைநிறுத்தம்…" என்று ஆரம்பித்தார். ஆட்கள் வேலைநிறுத்தம் செய்ததால்தான் கம்பெனி மூடியது என்று அவர் வீட்டில் சொல்வார்கள். பெரியவர், "அதெல்லாம் இப்ப எதுக்கு அம்மிணி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

தப்பித்துவிட்டேன். இனி யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அங்கே வேலை செய்தவரே சொல்லிவிட்டார். வயசான கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

அப்புறம் ஏன் என் கையைப் பார்த்தார்?

ஜூலை 17

நீலக் கார், முன் பம்பர். மூன்று முறை கலந்தும் நிறம் சேரவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

டீச்சர் அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். எழுபத்திரண்டு பக்கம். அட்டையில் நான் அடித்த மஞ்சள்.

எல்லாவற்றையும் படித்தேன். நன்றாக எழுதுகிறார், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நேராக. பதினெட்டாம் பக்கத்தில் ‘ரெட் ஆக்சைடு முதல் பூச்சு இந்தப் பட்டறையின் தனிச் சிறப்பு’ என்று இருக்கிறது. நாற்பதாம் பக்கத்தில், மஞ்சள் வேன்கள் பம்பாய்க்குப் போனதற்கும் அதில் ஒன்று உக்கடத்துக்கு வந்து சேர்ந்ததற்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு பக்கம் ஊகம். அறுபத்தைந்தில், ‘தொழிலாளர்களின் பிடிவாதமான வேலைநிறுத்தத்தால் ஜோதி மினியேச்சர்ஸ் 1979இல் மூடப்பட்டது’.

முதல் பக்கத்தில் தனியாக ஒரே ஒரு வரி: ‘என் அப்பா செய்த வண்டியை எனக்குத் தேடிக் கொடுத்த திருமூர்த்திக்கு.’

என் பெயரை அச்சில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். டீச்சர் மத்தியானம் ரசம் கொடுத்தனுப்பினார். தூக்குப்போசியைக் கழுவித் துடைத்து வைத்தேன். நன்றாகத் துடைக்கவில்லை போல இருந்தது, இன்னொரு தடவை துடைத்தேன்.

ஆகஸ்ட் 12

புதன்கிழமை அச்சுக்குப் போகிறதாம். ஐந்நூறு பிரதி. டெல்லியிலும் கல்கத்தாவிலும் இருக்கிற சேகரிப்பாளர்கள் கேட்டிருக்கிறார்களாம். சாதிக் தன் குறிப்பின் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இனி யாராவது ஒரு ஜோதி வேனைக் கையில் எடுத்தால், ரெட் ஆக்சைடு இருக்கிறதா என்று சுரண்டிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் அசலைப் போலி என்பார்கள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்குப் போனேன். டீச்சர் சாப்பாட்டு மேஜையில் மெய்ப்பைப் பரப்பி வைத்திருந்தார். "காய்ச்சல் எப்புடி இருக்குதுங்க?" என்றார். தூக்குப்போசியை மேஜையில் வைத்தேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"டீச்சர், அந்த வேன் உக்கடத்துல கெடைக்கலைங்க."

"வேற எங்க கெடச்சுது?"

"எங்கியும் கெடைக்கல. செவப்பு வேனு அது. என்ற பட்டறையில நான்தான் மஞ்சள் அடிச்சேன்."

அவர் பேனாவை மூடினார். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, வகுப்பில் கேட்கிற மாதிரி, "ரிவெட்டை எப்புடிக் கழட்டுனீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். அடுத்தது என்ன என்றார். சொன்னேன். எத்தனை நாள் வெயிலில்? விளிம்பை எதனால் தேய்த்தீர்கள்? எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை.

"ரெட் ஆக்சைடு?"

"பொய்ங்க."

"நான் எழுதிக்கிட்டப்ப பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமாங்க."

"மேஸ்திரிண்ணன் முன்னால நான் அழுதப்பவும் பக்கத்துலதான் இருந்தீங்க."

தூக்குப்போசியின் மூடியை அழுத்திச் சரிசெய்தேன்.

"ஏன் பண்ணுனீங்க?"

முடிகிறதா என்று பார்க்கத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை.

"கெளம்புங்க" என்றார்.

வாசலில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்திருக்கிறேன். பூக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 14

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 16

இன்றைக்குத்தான் அச்சுக்குப் போக வேண்டியது. காலையில் வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் எழுதியிருந்தார்: ‘மஞ்சள் வேன் அசல் அல்ல என்று தெரிந்துகொண்டேன். புத்தகம் இப்போது வராது. இதைப் பற்றி யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.’

உடனே வரிசையாகப் பதில்கள். உக்கடம் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று ஒருவர். பாவம், திருமூர்த்தியும் நம்பித்தானே வாங்கியிருப்பார் என்று இன்னொருவர். அந்தக் கடை எது என்று சொன்னால் போய்க் கேட்கலாம் என்று மூன்றாமவர்.

டீச்சர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் சும்மா இருந்தால் போதும். பாலிஷ் மெஷினை ஓட்டினேன், நிறுத்தினேன், ஓட்டினேன். பதினொரு மணிக்கு எழுதிப் போட்டேன்: ‘கடைக்காரர் யாரும் இல்லை. செய்தவன் நான். டீச்சரை ஏமாற்றியவன் நான். டாக்டரிடம் ரெட் ஆக்சைடு என்று சொன்னதும் பொய்.’

சாயங்காலம் சாதிக் கூப்பிட்டார். "அந்தச் செவப்பை நான் கண்ணால பாத்தேன்ங்க. உங்க தொழில், நீங்க சொன்னீங்க, நம்பிட்டேன். நாளைக்கு உங்க வாயைப் பாத்து இந்தப் பல்லை எடுக்கணும்னு நான் சொன்னா, நீங்க நம்பணுமா வேண்டாமா?"

"நம்பணுங்க."

"அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

லாரிகளைத் துடைத்தேன். நூற்று நாற்பது. ஒவ்வொன்றையும் திருப்பி அடித்தகட்டு ரிவெட்டைப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை. எல்லாம் அசல்தான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கூட்ட நாள். பேக்கரிக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மூலை மேஜையில் டீச்சர் இல்லை. என் இடத்தில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 9, சனி

மத்தியானம் ஒரு கார் கூரைக்கு ப்ரைமர் அடித்துக்கொண்டிருந்தேன். முகமூடியோடு திரும்பினால் டீச்சர் நிற்கிறார். தலையில் ஹெல்மெட், ஸ்கூட்டி சாவி கையில். என் பட்டறைக்கு அவர் வந்ததே இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"மேஸ்திரிண்ணனைப் போய்ப் பாத்தேன்" என்றார். "அது போலின்னு சொன்னேன். தெரியும் அம்மிணின்னு சொல்றாரு."

நான் முகமூடியைக் கழற்றினேன்.

"கையில வாங்குன உடனே தெரிஞ்சுதாம். நீங்க பெயிண்டர்னு சொன்னதும் உறுதி ஆயிருச்சாம். ‘நீ அவ்வளவு ஆசையாக் கொண்டாந்து காட்டுன, நான் எப்புடி அம்மிணி இல்லைன்னு சொல்றது’ங்கறாரு. சரி, அசல் மஞ்சள் எங்க போச்சு, பம்பாயில யார்கிட்டன்னு கேட்டேன். அழுதுட்டாருங்க அந்த மனுஷன்."

பிறகு சொன்னார். மஞ்சள் வேன் ஒன்றுகூடப் பட்டறையை விட்டு வெளியே போகவில்லை. நிறமே ஏறவில்லை. அந்த வருஷம் துத்தநாகம் சரியாகக் கிடைக்காமல், மருதாசலம் பழைய பம்பு உதிரிகளையும் ஈயம் கலந்த கழிவையும் சேர்த்து உருக்கச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியும் கேட்கவில்லை. நானூறு வேன் வார்த்து, பெயிண்ட் அடிக்கக் காத்திருந்த தட்டில் மழைக்காலத்தோடு கீறல் விட்டிருக்கிறது. ஈயம் சேர்ந்த துத்தநாகம் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். தை மாதம் கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்ததாம். அதே உலோகத்தில் செய்து முன்னமே கடைக்குப் போயிருந்த வண்டிகளும் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. அதோடு கம்பெனி முடிந்தது.

"வேலைநிறுத்தமே நடக்கலீங்க. இயந்திரம் ஓடாம நின்ன பின்னாலயும் மூணு மாசம் ஆளுக தெனமும் வந்து உக்காந்திருந்தாங்களாம், மொதலாளி மறுபடி ஆரம்பிப்பாருன்னு. அவங்க மேல பழியைப் போட்டு நான் அச்சடிக்க இருந்தேன். மேஸ்திரிண்ணன் அதையும் வாயைத் தெறந்து சொல்லல. எங்க அப்பா பேரு கெட்டுருமாம், என் மனசு கஷ்டப்படுமாம்."

அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

"எங்க அப்பா, மேஸ்திரிண்ணன், நீங்க. மூணு பேரும் ஒரே வண்டியைக் காட்டி என்னை ஏமாத்தியிருக்கீங்க. பத்து வயசுல பம்பாய்ப் பார்சல் திரும்பி வரும்னு எத்தனை நாள் வாசல்ல நின்னேன் தெரியுங்களா? எனக்கு அம்பத்தஞ்சு ஆச்சு. இவளால தாங்க முடியாதுன்னு நீங்கல்லாம் எதை வெச்சு முடிவு பண்ணுனீங்க? வண்டி இல்லைன்னா இல்லைன்னு சொன்னா நான் செத்தா போயிருவேன்?"

"தப்புதானுங்க டீச்சர்."

"தப்புன்னு எனக்கும் தெரியும்."

ஹெல்மெட்டைக் கழற்றிக் கார் கூரையில் வைக்கப் போனார். ப்ரைமர் ஈரம் என்று நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். நெற்றியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் அமைதியானார்.

"புத்தகத்தைத் திருப்பி எழுதறேன். ஈயம் கலந்தது, ஆளுக உக்காந்திருந்தது, எல்லாம் வரும். எங்க அப்பா செஞ்ச தப்பு என் கையாலயே வரும். அட்டையில செவப்பு வேன்."

"நல்லதுங்க."

"கடைசி அத்தியாயம் நீங்க எழுதணும். போலி வண்டி எப்புடிச் செய்யறது, எப்புடிக் கண்டுபிடிக்கறது. என்கிட்ட அன்னிக்குச் சொன்னீங்களே, அது பூராவும். உங்க பேரு போட்டு."

கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு நின்றேன். என் பெயர் போட்டு என்றால் எங்கே போனாலும் போலி செய்தவன் என்றுதான் சொல்வார்கள்.

"எழுதறேங்க" என்றேன்.

"ஏன் பண்ணுனீங்கங்கறதையும் எழுதோணும்" என்றார். ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 12

துளைபோடுவது, கரைப்பது, இரண்டு பக்கம்.

செப்டம்பர் 14

நிறம், வெயில், நைஸ் பேப்பர். உள் மூலைகளில் பழைய நிறம் எப்போதும் மிச்சமிருக்கும், அங்கே பார்க்க வேண்டும் என்று எழுதினேன். கையால் தட்டிய ரிவெட்டுத் தலைக்கும் இயந்திரம் அழுத்திய தலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் போட்டுக் காட்டினேன். சாதிக்கிடம் போய்க் காட்டினேன். என்னை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் படித்தார். "துரு விஷயத்தையும் சேருங்க, நான் ஏமாந்தேன்னே போடுங்க" என்றார். சேர்த்தேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

‘ஏன்’ மட்டும் பாக்கி. காலையிலிருந்து நான்கு தாள் கிழித்தாயிற்று. ‘கைத்திறனைச் சோதிக்க’ என்று ஒரு தாள். ‘அவருக்கு மகிழ்ச்சி தர’ என்று ஒரு தாள். இரண்டும் சுத்தப் பொய் இல்லை. ஆனால் அவர் மறுபடி ரிவெட்டைக் கேட்ட மாதிரி கேட்டால் இரண்டும் நிற்காது.

டீ குடிக்கப் போனேன். பாதியில் திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 21

எழுதிவிட்டேன். ஒரே பக்கம். வண்டியைவிட டீச்சர்தான் அதில் அதிகம். இங்கே அதை மறுபடி எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

பதினோரு மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அதே மேஜை. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன்.

ஏழு தாள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படித்தார். ‘சுரண்டு’வுக்கு எந்த ‘ர’ என்று திருத்தினார். ரிவெட்டுப் படத்தில் அளவு போடச் சொன்னார். துரு பத்தியில் ஒரு இடத்தில் லேசாகச் சிரித்தார். ஆறு தாளும் வலது பக்கம் போய்விட்டன.

ஏழாவதைப் படித்தார். நான் ஜன்னல் கம்பிகளை எண்ணினேன், ஒன்பது. அவர் தாளைக் கீழே வைக்கவில்லை. மேலிருந்து மறுபடி படிக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. சிவப்புப் பேனா அந்தத் தாளைத் தொடவே இல்லை. அதில் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்திருக்காது.

பேனாவை மூடினார்.

"இது புத்தகத்துக்கு வேண்டாங்க" என்றார்.

"சரிங்க" என்று தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. நாலாக மடித்தார். நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்து, தாளை அதன் உள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு முதல் ஆறு தாளையும் மேஜையில் தட்டி ஒழுங்குபண்ணிக்கொண்டு, அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் போகும்போது வழியில் தன்னையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார்.